வெட்டினால் வளரும் தழும்பு

வன்னியில் சண்டைக்காலத்தில் ஷெல் பட்ட காயம் ஆறிய பிறகும், என் கழுத்தில் தழும்பு தடித்து வளர்ந்துகொண்டே போனது. இரவெல்லாம் கடிக்கும், சொறிந்துகொண்டே கிடப்பேன். சேலைத் தலைப்பால் மூடித்தான் திரிந்தேன். மாம்புரியில் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு நான்தான் ஆலாத்தி எடுக்க வேண்டும். தங்கச்சியோ, "அக்கா, வீடியோவிலை விழும். வெட்டி எடுத்துப்போட்டு வாங்கோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

சிலாபத்தில் தோல் டாக்டராக இருந்த இளம்பெண் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"வெட்டினால் இதைவிடப் பெரிசா வளரும், அம்மா. தழும்புக்குள்ளை ஊசி போட்டால் கடி குறையும், தட்டையாகும். ஆனா அடையாளம் முழுசாப் போகாது."

"கடி நிண்டால் போதும், மகள். அடையாளம் கிடக்கட்டும்."

மாதாமாதம் ஊசி போட்டேன். சொறியாமல் நித்திரை கொண்டேன்.

கல்யாணத்தன்று தங்கச்சி சால்வையை நீட்டினாள்.

"வெட்கம் உனக்குத்தானே? நீயே போர்த்துக்கொண்டு நில்லு" என்று சொல்லிவிட்டு, கழுத்தை மூடாமல் ஆலாத்தித் தட்டைத் தூக்கினேன்.

அந்த வீடியோவை இன்றும் போட்டுப் பார்ப்பேன். அதில் எல்லாரையும்விட நிமிர்ந்து நிற்பவள் நான்தான்.