பிட்டர் மாணிக்கத்தின் கைத்துப்பாக்கி

பழைய சாமான் வியாபாரத்தில் ஒரு பெரிய வசதி, ஆள் போன பிறகுதான் சாமான் கடைக்கு வரும். அதனால் அதைப் பற்றி நாம் என்ன கதை விட்டாலும் மறுத்துப் பேச யாரும் இருக்கமாட்டார்கள்.

தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றதும், சொந்த ஊரான கிள்ளானுக்குத் திரும்பாமல், வேலை பார்த்த மலை ஊரான பிரிஞ்சாங்கிலேயே இந்தக் கடையைப் போட்டேன். குளிர் பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். கிள்ளானில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பதுதான் உண்மை. துரை பங்களாக்களில் கழித்துக் கட்டியது, ஹோட்டல்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குப் போகிறவர்கள் தூக்க முடியாமல் விட்டுப்போனது, எல்லாம் என்னிடம் வந்து சேரும். மழை நாட்களில் வாடிக்கையாளருக்குப் பதில் மூடுபனி கடைக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். காலிக் கடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துப் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்கு விளக்காமலே புரியும்.

உட்காரக் கூடாத நாற்காலிகள்

என் கடையில் அதிகம் இருப்பது நாற்காலிகள். பிரம்பு நாற்காலி, மடக்கு நாற்காலி, ஏதோ ஒரு துரை காலை நீட்டிப் படுத்துக் கிடந்த சாய்வு நாற்காலி. கடை திறந்த புதிதில், நைட் மார்க்கெட்டுக்கு வந்த ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கி, ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்து, அவித்த சோளத்தை ஆற அமரத் தின்றுவிட்டுப் போனது. அதில் ஒரு பிரம்பு நாற்காலி பிய்ந்தது. மறுநாளே ‘உட்காராதீர்கள்’ என்று மூன்று மொழிகளில் எழுதி, எல்லா நாற்காலியிலும் அட்டை மாட்டிவிட்டேன். எனக்கு மட்டும் கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி.

காய்கறி லோரி ஓட்டும் ஆறுமுகம் ஒருநாள் வந்தார். லோரி ஒர்க்‌ஷாப்பில் நின்றதால் பொழுது போகாமல் வந்தவர். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஒவ்வொரு நாற்காலியும் எந்த பங்களாவிலிருந்து வந்தது, எந்த மரம், யார் செய்தது என்று நான் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே போனேன். மனுஷர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“கட நெறைய நாற்காலி வச்சிருக்கீங்க சார், ஆனா ஒங்ககிட்ட பேச வந்தா நின்னே சாவணும்லா.”

ஜப்பான்காரன் விளக்கு

ஆனாலும் ‘வாத்தியார்கிட்ட காட்டினா என்ன சாமான்னு சொல்லிடுவாரு’ என்று ஒரு பெயர் எப்படியோ பரவிவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்ற நானும் தெரியாது என்று சொல்வதே இல்லை. ஒரு முறை பழைய இரும்புக் குவியலிலிருந்து பித்தளையில் ஒரு சாமான் வந்தது. குழாய் மாதிரி கழுத்து, நுனியில் பூவாளி மாதிரி துளைகள். இரண்டு நாள் யோசித்து, ஜப்பான்காரன் ஆண்ட காலத்துச் சிப்பாய் விளக்கின் மேல்பாகம் என்று முடிவு கட்டி, பளபளவென்று துலக்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். சுற்றுலா வந்தவர்கள் அதோடு நின்று படமெல்லாம் எடுத்துக்கொண்டார்கள்.

கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிரிடும் சீனர் அ செங் ஒருநாள் கடைக்கு வந்தார். தோட்டத்து ஆட்களோடே வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். என்னைக் கூப்பிடுவது மட்டும் ‘சிக்கு’ என்று. மலாயில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அலமாரி முன்னால் நின்று நான் ஜப்பான்காரன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். பிறகு கையை நீட்டினார்:

“சிக்கு, இது என் மருந்து பம்ப்போட வாய், அத குடு, நாளைக்கி கோபீசுக்கு மருந்து அடிக்கணும்.”

கீரைக்கு அடியில்

இவ்வளவு பெருமை வாய்ந்த என்னை நம்பித்தான் போன மழைக்காலத்தில் தனலெட்சுமி அம்மா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மகன் குமரன் என்னிடம் படித்தவன், இப்போது ஜொகூரில் வேலை. கணவர் மாணிக்கம் தேயிலை ஆலையில் பிட்டராக இருந்தார். எந்த எந்திரம் நின்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். நெஞ்சுச் சளி முற்றி அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. லயத்தில் பழைய சனம் எல்லாம் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும்தான். “நல்ல பிள்ளைங்க சார், ஆனா பாத்தா சிரிக்கலாம், பேச முடியாது” என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவை ஜொகூருக்கே அழைத்துப் போய்விட மகன் முடிவு செய்திருந்தான்.

கூடையில் இருந்த கீரையை ஒதுக்கி, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். கைத்துப்பாக்கி. எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இந்த நாட்டில் சிறை, ரோத்தான் பிரம்பால் அடி, அதற்கு மேலும் உண்டு. உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். “சொல்லுங்க சார். ஆனா அதுக்கு முந்தி இது என்னான்னு நீங்க சொல்லிடுங்க. அவரு பூட்டி வச்சிருந்த டூல்ஸ் பொட்டிய நேத்துதான் ஒடச்சேன். உள்ள இதுவும் ஒரு டப்பா ஏலக்காயும் இருந்துச்சு. நான் யாரோட குடித்தனம் பண்ணேன்னு போலீசு சொல்லி நான் தெரிஞ்சிக்கக் கூடாது” என்றார்.  கண்ணில் தண்ணீர் இல்லை.

பேச்சை மாற்ற, இதை எப்படியம்மா இவ்வளவு தூரம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

“கம்போங் ராஜா பஸ்ஸுல சார், நிக்கவே எடமில்ல, பாவம் போலீசு உடுப்புல ஒரு தம்பி உக்காந்திருந்தாரு, அவருதான் கூடைய வாங்கி மடியில வச்சிக்கிட்டாரு.”

ஈர்க்குச்சி போன தூரம்

முதல் பார்வையிலேயே எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். நெருப்புக் கல் உரசி வெடிக்கும் காலத்துத் துப்பாக்கி அது. பிற்பாடு யாரோ கல்லை எடுத்துவிட்டு, சின்ன வெடிமூடி ஒன்றை மாட்டி, சுத்தியால் தட்டிச் சுடுகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். கல் இருந்த இடத்துத் துளையை அடைத்த தடம் நன்றாகத் தெரிந்தது. “நெசத் துப்பாக்கிதாம்மா” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. வெடிமூடி உட்கார வேண்டிய இடத்தில் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. துப்பாக்கிக்கு வயசு அதிகம், சக்கரத்துக்கு வயசு கம்மி. அரம் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் குழலுக்குள் விட்டுப் பார்த்தேன். விரல் நகம் அளவுகூடப் போகவில்லை, இடித்தது. குழல் முழுக்கப் பித்தளையால் அடைத்திருந்தது. பிடியின் அடியில் ஒரு திருகாணி. அதைக் கழற்றியதும் உள்ளே பஞ்சும், லேசான பெட்ரோல் வாடையும். குழலின் மேல்புறம் மூடி போட்ட ஒரு துளை, அதற்குள் திரி. ஜப்பான்காரன் விளக்கில் பட்ட அவமானத்தை நினைத்து மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு விசையை அழுத்தினேன். சுத்தி விழுந்தது, சக்கரம் உரசியது, மூடி தானாகத் திறந்து நாலு பொறி பறந்தது. எந்த துரை எந்தக் குப்பையில் போட்டதோ, நம் பிட்டர் அதை எடுத்து இன்னொரு முறை மாற்றியிருக்கிறார். “பயப்படாதீங்கம்மா, இது சிகரெட் பத்த வைக்கிற லைட்டர்” என்றேன். நல்ல செய்தி சொன்ன நிம்மதியில் சிரிக்கக்கூடச் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அட்டை மாட்டியிருந்த துரையின் சாய்வு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குமரன் பிறந்த அன்று பிள்ளையின் தலையில் கை வைத்து, இனிமேல் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று மாணிக்கம் சத்தியம் செய்தாராம். அவர் மென்ற ஏலக்காய் சிகரெட் வாடையை மறைக்கத்தான் என்று தெரியாமல், வாய் மணக்கிறதே என்று இவர்தான் வாரா வாரம் சந்தையில் வாங்கிக் கொடுத்தாராம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிகரெட் உண்டா என்று கேட்டபோது, நோயாளி வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, அதெல்லாம் கிடையாது, தேயிலைத் தூசுதான் என்று சொன்னாராம். படுக்கையில் கிடந்த மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம். லைட்டரை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

“துப்பாக்கியாவே இருந்திருக்கலாம் சார்.”

சார்ஜன் வந்தார்

போலீஸ் நிலையத்துக்கு போன் செய்தேன். சார்ஜன் சிவபாலன் வந்தார். நாங்களே கூப்பிட்டுச் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். ஆனாலும் சாமானைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும், பதில் வரும்வரை அந்த அம்மா ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் ஜொகூரிலிருந்து தினமும் போன் செய்து என்னை ஏசினான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் லைட்டர் என்று சொன்னது இன்னொரு மருந்து பம்ப்பாக முடிந்தால், கம்பி எண்ணப்போவது அந்த அம்மா அல்லவா? அந்த நாட்களில் அவர் அடிக்கடி கடைக்கு வந்தார். அதே சாய்வு நாற்காலியில் உட்காருவார். நான் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பதில் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டுமே என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

வந்துவிட்டது. அதில் சுட முடியாது, வழக்கு இல்லை. ஆனால் பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருப்பதால் திருப்பித் தரமாட்டார்கள். சொல்ல வந்த சார்ஜன், ஏலக்காய் விஷயத்தையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். போகும்போது குரலைத் தாழ்த்தினார்:

“சார், என் ஒய்ப் உங்க கடைக்கு வந்தா தயவுசெஞ்சி இந்தக் கதய சொல்லிடாதீங்க, என் லைட்டர் மோட்டர் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கு.”

ஓர் ஆள் பலகை

ஜொகூருக்குப் புறப்பட்ட அன்று தனலெட்சுமி அம்மா விடைபெற வந்தார். குமரன் வெளியே காரில் காத்திருந்தான். அவன் ஹாரன் அடிப்பதைக் காதில் வாங்காமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆலைக்குப் பின்னால், விறகுக் கொட்டகையை ஒட்டி, மாணிக்கம் சிகரெட் குடித்த இடத்தைக் கண்டுபிடித்து அன்று காலை போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். இரண்டு கல், மேலே ஒரு பலகை. கீழே மண்ணில் மக்கிப்போன சிகரெட் துண்டுகள். ஓர் ஆள் உட்காரத்தான் இடம்.

“நல்லா திட்டிட்டு வரணும்னுதான் போனேன் சார்” என்றார். கிளாசைக் கீழே வைத்தார். இவ்வளவு நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து, வாசல்வரை போய்த் திரும்பினார்:

“சொல்லியிருந்தா திட்டியிருப்பேன், திட்டிட்டு நானும் பக்கத்துல உக்காந்திருப்பேன்லா.”

கார் போனதும் எல்லா நாற்காலியிலிருந்தும் அட்டையைக் கழற்றிவிட்டேன். அதனால் இப்போது பிரம்புகள் பிய்கின்றன, தேயிலைச் செலவு ஏறிவிட்டது, விற்கக் கூடாது என்று சாய்வு நாற்காலியை ஒதுக்கி வைத்ததில், இருந்த கொஞ்சநஞ்ச வியாபாரமும் படுத்துவிட்டது.