இரண்டு வண்டிக்கு, இரண்டு ஜூஸுக்கு

கருப்பு ஒயரைக் கடைசியாக மாட்டி முடுக்கிவிட்டு, கிஃபாயத்துல்லா பேட்டரியின் தலையில் இரண்டு தட்டு தட்டுகிறார். "இன்னாடா, பசிக்குதா? இரு, பெட்ரோல் ஊத்தறேன்."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தகரக்கூரை போட்ட ஒரு குடோனில் அவருக்கு இதுதான் வேலை. இரும்புச் சட்டத்துக்குள் கைகாலை மடக்கிக்கொண்டு வந்து இறங்கும் புது ஏடிவி வண்டிகளைப் பிரிப்பார். நான்கு கொழுத்த சக்கரங்களையும் ஹேண்டில்பாரையும் பூட்டி, ஆயில் பார்த்து, முதல்முறையாக ஸ்டார்ட் செய்து லாரியில் ஏற்றி அனுப்புவார். ரிசார்ட்டு மணலில் யார் யாரோ கூச்சல் போட்டுக்கொண்டு ஓட்டப்போகும் வண்டிகள். அவர் ஓட்டுவது குடோன் வாசலில் ஒரு முழம்.

டயரில் காற்றைக் குறைவாகத்தான் வைப்பார். "நெறைய அட்ச்சா மாடு கணக்கா உதைக்கும். தொப்பை மாரி தொளதொளன்னு இருக்கணும்" என்று தன் வயிற்றை அமுக்கிக் காட்டுவார். பார்க்க ஆள் இல்லாத நாளிலும் காட்டுவார்.

முதலாளி போனில் வந்தால் மூக்கடைத்த "எஸ் சார்." வண்டியிடம் கொஞ்சல். மனைவி பீவி ஜானிடம் மட்டும், மழை விட்ட பின் தகரத்திலிருந்து சொட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஒரு குரல். பெங்களூரில் மகள் ஜபீன் வேலைக்குத் திரும்பியபோது, பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதத்துக்கென்று போனவர் பீவி ஜான். பதினொரு மாதம் ஆகிறது. பழவேற்காட்டு வீட்டில் இரண்டு தட்டில் ஒன்றுதான் தினமும் நனைகிறது.

வண்டிக்கு நான்கு எலுமிச்சம்பழம் வாங்குவார். முன்சக்கரங்களுக்கு இரண்டு. மீதி இரண்டு சட்டைப் பையில்.

"பாய், உனக்கு எதுக்கு இந்தப் பூசையெல்லாம்?" என்பான் லாரி டிரைவர் தானியேல்.

"வாங்கறவனுக்கு ஒரு திருப்தி நைனா."

"பின்சக்கரம் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"அது முன்சக்கரத்துக்குப் பின்னாடி தானே போவுது! அது பங்குல நான் ஜூஸ் போட்டுக்கறேன்."

போன மாதம் ஒரு வண்டி முதன்முதலில் உறுமியதை வீடியோ காலில் கேட்டுப் பேரன் மொஹசின் சிரித்தான். நான்கே நான்கு பல். அன்றிலிருந்து, பேரன் போனில் வராமல் முதல் ஸ்டார்ட் கிடையாது. "ரெண்டாவது தபா ஆயிரம் பண்ணலாம். மொதல் சத்தம் ஒரு தபா தான்." இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவதாகப் பீவி ஜான் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டே முக்கால். கழுவிய சீட்டை மூன்றாம் முறையாகத் துடைக்கிறார். அவர் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்கிறது.

"யோவ் பாய், பிரியாணிக்குத் தம் போட்டுக்கினு கீறியா? எளாவூர் செக்போஸ்ட் தாண்டணும்யா, பேஜாரு பண்ணாத!" தானியேல் ஹாரனை அமுக்குகிறான்.

இன்னும் ஐந்து நிமிடம். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பொத்தானை அமுக்குகிறார். க்ர்ர்... க்ர்ர்... டுபுடுபுடுபு. ஒரு முழம் முன்னே. பச் பச்சென்று இரண்டு பழமும் நசுங்குகின்றன. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

அப்போது பைக்குள் போன் அடிக்கிறது.

எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துகிறார். நசுங்கிய பழங்களைக் காலால் தள்ளுகிறார். வண்டியைப் பின்னால் உருட்டுகிறார். ஜூஸுக்கு வைத்த இரண்டையும் சக்கரத்தடியில் செருகிவிட்டு, மணி ஓயப்போகும் நேரத்தில் பச்சையைத் தடவுகிறார்.

"இப்பத்தான் எழுந்தான். இன்னாங்க, ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?"

"சே சே... அவன் இல்லாம... எப்டி?"

தானியேல் வாயைத் திறக்கிறான். கிஃபாயத்துல்லா அவனைப் பார்த்து உதட்டில் விரல் வைக்கிறார்.

திரையில் ஒரு ஃபேன் சுற்றுகிறது. பிறகு ஒரு குட்டிப் பாதம். இடக்கையால் பிரேக்கைப் பிடித்து, அதே கைக் கட்டைவிரலால் பொத்தானை அமுக்குகிறார். டுபுடுபுடுபு. ஓடிப்போய்ப் போனைச் சைலன்சர் பக்கம் நீட்டுகிறார். "கேக்குதா? மொதல் சத்தம்டா, கேக்குதா?"

"ஐயையோ, பால் பொங்குதுங்க, வெச்சுடறேன்."

வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பழங்கள் இரண்டும் நசுங்காமல் கிடக்கின்றன. தானியேல் லாரியிலிருந்து பலகையைச் சாய்த்துவிட்டு, "ஏத்தலாமா பாய்?" என்கிறான். கிஃபாயத்துல்லா, கறுத்துவிட்ட திரையைச் சைலன்சரை நோக்கி அப்படியே பிடித்தபடி, உதட்டில் விரல் வைக்கிறார்.