உப்பு ஏறிய மரம்

இன்று பஸ்ஸுக்கு நிற்கையில் தோளில் விழுந்த சிவப்புப் பாதாம் இலை, எழுபதுகளில் மரக்காணத்து உப்பளக் கரையில், ஊர்க்கிணற்று நல்ல தண்ணீரைக் குடத்தில் தளும்பத் தளும்பச் சுமந்து ஊற்றி, இலையில் படிந்த உப்புத்தூசியைப் பாவாடையால் துடைத்துத் துடைத்து நான் வளர்த்த மரத்தை நினைவுபடுத்தித் தொலைத்தது. ஒரு தையில் அதன் இலையெல்லாம் முதன்முதலாகச் சிவந்தபோது, "வேர்ல உப்பு ஏறிடுச்சும்மா, இனிமே பொழைக்காது" என்று அப்பா வெட்டினார். அழுதுகொண்டே நானும் கிளைகளை இழுத்துப் போட்டேன். அந்த வாரமே மரம் நின்ற இடத்தில் அவருடைய உப்பு அம்பாரமாய்க் குவிந்தது.

மறு தையில் மாதா கோயில் வாசல் பாதாமும் சிவந்துவிட, "இதையும் வெட்டணுமாப்பா?" என்று பதறினேன்.

"போடி பைத்தியம், பனிக்கு பாதாம் செவந்து கொட்டும், அப்புறம் துளிர்க்கும்" என்று சிரித்தார் அப்பா. என்னிடம் சொன்ன பொய்கூட அவருக்கு ஞாபகமில்லை.