கடமான் தொட்டி

அந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டார்கள். கச்சிராயபாளையத்தில் ஊசி போட்ட டாக்டர், கள்ளக்குறிச்சியில் படுக்கை கொடுத்த டாக்டர், சென்னையிலிருந்து போனில் பேசிய சிறுநீரக டாக்டர். "தண்ணியைக் கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறார்?"

மூவருக்கும் என் அக்கா ஒரே பதிலைச் சொன்னாள். "ஆமாங்க. ஆறு வருஷமா பச்சத் தண்ணி அவர் வாயில படல."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அடுப்பின் ஒரு கண் தண்ணீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. கொதித்து ஆறிய தண்ணீர் மூடிபோட்ட எவர்சில்வர் குடத்தில் இருக்கும். அதில் வேறு யாரும் டம்ளர் விடக்கூடாது.

ஆறு வருடங்களுக்கு முன் அக்கா தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தன் கணவருக்குக் கொடுத்தாள். நான் மாமா என்று கூப்பிடுகிற அவர், அன்றிலிருந்து காலையும் மாலையும் மணி தவறாமல் மாத்திரை போடுகிறார். வந்து சேர்ந்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிவைக்கும் மாத்திரைகள் அவை. அதனால் மற்றவர்களுக்கு மூன்று நாளில் போகிற கோளாறு அவரிடம் மூன்று வாரம் தங்கும். "என் சாமான் இந்த ஆள்கிட்ட இருக்குது. பத்திரமா வச்சிருக்காரான்னு நான்தான பாத்துக்கினு இருக்கணும்" என்பாள் அக்கா. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அது எங்கள் வீட்டு வேடிக்கையாகியிருந்தது.

சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் கோடை மழை பெய்தது. அதற்கடுத்த வாரம் மாமாவுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. நிற்கவில்லை. பதினோராவது நாள் அவர் எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு அவருக்கு வழக்கமாக 1.3. அன்று 2.1. உடம்பு வற்ற வற்ற அது ஏறும். மூன்றைத் தாண்டினால் எதுவும் சொல்ல முடியாது என்றார் சென்னை டாக்டர். அக்கா அதைக் கேட்டுவிட்டுப் புடவைக்கு மேலாக இடது விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தழும்பு அங்கேதான்.

நான் இருபத்திரண்டு வருடங்களாகக் கள்ளக்குறிச்சியில் நாளிதழ்ச் செய்தியாளன். மருத்துவமனையில் செய்வதற்கு எதுவும் இல்லாதபோது என் கை குறிப்பேட்டைத்தான் எடுக்கும். ஒவ்வொரு நாளும் மாமா எத்தனை முறை எழுந்து போனார், என்ன சாப்பிட்டார், எத்தனை பாட்டில் ஏறியது என்று எழுதினேன். பதினொன்று, பதினான்கு, ஒன்பது, பதின்மூன்று. மலப் பரிசோதனை இரண்டு முறை நடந்தது. புழு முட்டை இல்லை. அமீபா இல்லை. இரண்டு சீட்டிலும் "இயல்பு" என்றுதான் இருந்தது.

பதினோராம் நாள் காலை அந்தக் குறிப்பேட்டில் தாள் தீர்ந்துவிட்டது. முந்தைய பக்கங்களில் ஏதாவது வெற்றிடம் இருக்குமா என்று பின்னோக்கிப் புரட்டினேன். பங்குனியில் எழுதிய ஒரு பக்கத்தில் கண் நின்றது. அதில் ஒரு வாக்கியத்தின் குறுக்கே நானே கோடு போட்டிருந்தேன்.

மாமாவின் நிலம் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி, நடுவில் வீடு, வீட்டுக்கு மேற்கே கிணறு. இரண்டு கோடைகளாக மலையோடை சீக்கிரமே வற்றியதால் கடமான்கள் கீழே இறங்க ஆரம்பித்தன. புள்ளிமானைப் போல அடிக்கடி கண்ணில் படும் மானல்ல அது. பெரியது, கருத்தது, மனிதவாடை பட்டால் நகர்ந்துவிடும். எண்ணிக்கையில் அருகிவரும் விலங்குகளின் பட்டியலில் உள்ளது. போன வருடம் பக்கத்து நிலத்துக் கிணற்றில் ஒன்று விழுந்து செத்தது. அதைக் கயிறு கட்டித் தூக்கியபோது மாமாவும் அங்கே நின்றிருக்கிறார். அடுத்த வாரமே தன் கிணற்றோரமாக மேட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, சாயங்காலத்தில் மோட்டார் போட்டு நிரப்ப ஆரம்பித்தார். ஊரில் அதற்குக் கடமான் தொட்டி என்றே பெயர் வந்துவிட்டது. "சொந்த மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்ல, இவரு மானுக்கு ஓட்டல் வச்சிக்கினு இருக்காரு" என்று பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் நின்று சொல்வார். மாமா சிரித்துக்கொள்வார்.

பங்குனியில் ஒரு கால்நடை மருத்துவர் அங்கே வந்தார். மான்களின் குடல் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர், நாற்பது வயதுப் பெண்மணி. தொட்டியைச் சுற்றிக் கிடந்த புழுக்கைகளை ஐஸ் குச்சியால் ஒவ்வொன்றாகச் சின்ன டப்பாவில் எடுத்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டினார். நான் செய்திக்காகப் போயிருந்தேன். மாமா அன்று பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தார். புழு முட்டைகளைப் பற்றிச் சொன்ன டாக்டரம்மா கடைசியாக இன்னொன்றும் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி, பெயர் கிரிப்டோஸ்போரிடியம். தண்ணீர் வழியாக மனிதருக்கும் வரலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை விடாது.

எனக்கு மாமா நினைவுக்கு வரத்தான் செய்தார். அவர் கொதிக்கவைத்த தண்ணீர்தானே குடிக்கிறார் என்றும் உடனே நினைத்துக்கொண்டேன். பத்திரிகையில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் பன்னிரண்டு வரிதான். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மற்றதை அனுப்பினேன்.

மருத்துவமனை மாடிப்படியில் நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். விவரம் சொன்னேன். "சாதாரண டெஸ்ட்ல அது தெரியாது சார். தனியா சாயம் போட்டுப் பாக்கணும். கேட்டாத்தான் செய்வாங்க" என்றார்.

கேட்டேன். கள்ளக்குறிச்சி டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் எதுல படிச்சீங்க, உங்க பேப்பர்லயா?"

"பேப்பர்ல வரலைங்க டாக்டர்" என்றேன். "வந்திருக்கணும். நான்தான் எடுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் எழுதினார். மாதிரி சேலத்துக்குப் போனது. மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. அதுதான்.

மாமாவிடம் சொன்னபோது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "கிரிப்டோவா? அது டிவியில சொல்ற காசாச்சே மாப்ள. கடசீல எனக்கும் வந்துடுச்சா?"

அக்கா சிரிக்கவில்லை. சென்னை டாக்டர் போனில் சொன்னதை அவள் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தாள். எதிர்ப்புச் சக்தியைக் கட்டிவைக்கும் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தால்தான் குடல் இந்தப் பூச்சியை வெளியே தள்ளும். குறைத்தால் உடம்பு சிறுநீரகத்தையும் சேர்த்துத் தள்ளப் பார்க்கலாம். குறைக்கத்தான் போகிறேன் என்றார் அவர். புதிதாக ஒரு மருந்தும் சேர்த்தார்.

அன்று கிரியேட்டினின் 2.4. இரண்டு நாள் கழித்து 2.7. எழுந்து போகிற எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து இறங்கவில்லை.

"மருந்து உள்ள போவுது, பூச்சியும் உள்ள போய்க்கினே இருக்குதோ என்னவோ" என்று டாக்டரம்மா போனில் சொன்னார். பகடியாகச் சொல்லவில்லை. "வூட்டைப் பாக்கணும் சார்."

பதினான்காம் நாள் பிற்பகல் அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். தினமும் மாடு பார்க்க அவள் வீட்டுக்குப் போய்விட்டு, காலை முதல் பஸ்ஸில் தூக்குப் பாத்திரத்தோடு மருத்துவமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா எங்களுக்கு முன்பே வந்து கிணற்றோரம் நின்றிருந்தார்.

அவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டி மேட்டில். கிணறு சரிவில், மதில் இல்லாத பழைய கிணறு. மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கிய தடம் விரற்கடை ஆழத்துக்கு மண்ணை அறுத்துக்கொண்டு கிணற்று விளிம்பில் முடிந்திருந்தது. தடம் நெடுக ஊறிச் சிதைந்த புழுக்கைகள். மான் புழுக்கை மட்டுமல்ல, சாணமும்; அக்காவின் கன்றுக்குட்டி கட்டியிருந்த இடத்தையும் அந்தத் தடம் தொட்டுப்போயிருந்தது. கிணற்றிலிருந்துதான் மோட்டார் மாடித்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. மாடித்தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்.

"மழை பெஞ்ச மறுநாளே பிளீச்சிங் பவுடர் போட்டாருங்க" என்றாள் அக்கா. "ரெண்டு நாளு வாடை தாங்கல."

"அதுக்கு இது சாகாதுங்க. கொதிச்சாத்தான் சாகும்."

"அதான கொதிக்க வச்சு குடுக்கறேன்." அக்காவின் குரல் உயர்ந்தது. "எத்தினி வாட்டி சொல்றது? ஆளாளுக்கு இதையே கேட்டுக்கினு இருக்கீங்க."

டாக்டரம்மா கிணற்றுத் தண்ணீரில் ஒரு கேன் எடுக்கப் போனார். அக்கா சமையலறைக்குள் போனாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து குறிப்பேட்டை விரித்தேன். அவள் ஏற்றிவைத்த தண்ணீர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. குடம் மூடியிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவள் காலையில் வடித்த சோற்றில் மீந்ததைச் சட்டிக்கு மாற்றினாள். குழாயடி வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு சோறு மூழ்குமளவுக்கு ஊற்றினாள். தட்டால் மூடினாள். பிறந்ததிலிருந்து நான் பார்த்துவரும் காரியம்.

"அக்கா. இன்னா தண்ணி அது?"

"எது?"

"இப்ப ஊத்தினியே."

"அது சோத்துக்குடா."

"எந்தத் தண்ணின்னு கேட்டேன்."

"சோத்துக்கு ஊத்தற தண்ணிடா. வெந்நி ஊத்தினா நொந்துபூடும்." சொல்லிக்கொண்டே அடுத்த பாத்திரத்தை எடுத்தவள், எடுத்த இடத்தில் நின்றாள்.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தது. காலை 7.40, நீராகாரம். நான்தான் எழுதியிருந்தேன். அந்தத் தூக்குப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கி, மாமாவின் படுக்கையோரம் வைத்தவனும் நான்தான். வெளிச் சாப்பாடு கூடாது, பச்சைக் காய் கூடாது, கொதிக்காத பால் கூடாது என்று சென்னையில் கொடுத்த பட்டியலில் பழைய சோறு இல்லை. எழுதியவருக்கு அது தோன்றியிருக்காது. எங்களுக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் டம்ளரில் குடிப்பது. சட்டியில் இருப்பது சோறு. அதை வடித்துக் குடித்தாலும் அது சோறுதான்.

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். "வவுறு சரியில்லன்னுதான் ஜாஸ்தியா குடுத்தேன்" என்றாள். "குளிர்ச்சியாச்சேன்னு. முன்னெல்லாம் காலைல மட்டுந்தான். இப்ப மத்தியானத்துக்கும் வச்சிட்டு வந்தேன்."

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"நானே குடுத்தனா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு எழுந்து சட்டியைக் கொல்லைக்கு எடுத்துப்போனாள். மாட்டுத் தொட்டியில் கொட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினாள்.

மறுநாளிலிருந்து தூக்குப் பாத்திரம் வரவில்லை. அன்று பன்னிரண்டு முறை. அடுத்த நாள் பத்து. பிறகு மீண்டும் பதினொன்று. அதற்கடுத்த நாள் ஏழு. பிறகு நான்கு. கிரியேட்டினின் 2.8 வரை போய், அங்கே இரண்டு நாள் நின்று, இறங்க ஆரம்பித்தது. ஒரு மாதம் கழித்து 1.6. பழைய 1.3க்கு அது திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றார்கள். ஆனால் சிறுநீரகம் தப்பியது.

டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் மாமா என் கையைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. "இதை எழுதுவியா மாப்ள?"

"எழுதணும் மாமா. அந்தப் பக்கம் மதில் இல்லாத கிணறு எத்தினி இருக்குது."

"மான்னு தலைப்புப் போட்டீன்னா வேலில கரண்ட் வச்சிடுவானுங்க. ஒரு வாரத்துல ஒண்ணு இருக்காது."

தலைப்பு என் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். கிணற்றுத் தண்ணீரில் அந்த ஒட்டுண்ணி இருந்தது. மானிலிருந்து வந்ததா, கன்றிலிருந்து வந்ததா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். காட்டோரம் மேய்கிற மாடுகளிடமிருந்து மானுக்குப் போயிருக்கவும் கூடும், அப்படியானால் ஆபத்து அந்தச் சிறு கூட்டத்துக்கும்தான் என்றார். நான் எழுதிய செய்தியில் கிணற்று மதில் முதல் பத்தியில் வந்தது. பிளீச்சிங் பவுடருக்குச் சாகாது என்பது இரண்டாம் பத்தியில். சோற்றில் ஊற்றும் தண்ணீர் மூன்றாவதில். மான் என்ற சொல் ஒரே ஒரு முறை, கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் வந்தது. தலைப்பு வரும்வரை அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்தேன். "மழைநீர் புகும் கிணறுகள்: கொதிக்கவைக்க அறிவுரை" என்று வந்தது. யாரும் படிக்க நிற்காத தலைப்பு. அதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

தொட்டியை இடித்துவிட்டுக் கிணற்றுக்குக் கீழே, கரும்புக்கு அப்பால் வேறொன்று கட்டினார்கள். கிணற்றைச் சுற்றி இடுப்பளவு மதில் எழும்பியது. கடமான்கள் புதுத் தொட்டிக்குப் பழகப் பல நாள் ஆயிற்று.

ஆடியில் அவர்களோடு நானும் சென்னை போனேன். டாக்டர் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே, தலை நிமிராமல் வழக்கம்போல் கேட்டார். "தண்ணி கொதிக்க வச்சுத்தானே?"

"எந்தத் தண்ணியைக் கேக்கறீங்க?" என்றாள் அக்கா.

டாக்டர் நிமிர்ந்து பேனாவை எடுத்தார். அக்கா விரலை மடக்க ஆரம்பித்தாள். குடிக்கிற தண்ணீர், சோற்றில் ஊற்றுகிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற தண்ணீர், மோரில் கலக்கிற தண்ணீர், தட்டு கழுவிக் கவிழ்க்கிற தண்ணீர். அவள் முடிக்கும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.