வெறும் குழாய்க்கும் பெயர் எழுதியவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் சோதனைக்கான அகார் கூழைத் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வார்டு உதவியாளர் மாரிமுத்து வாசலில் வந்து நின்றார். "அம்மா, புதுச்சத்திரத்துலருந்து போன் வந்துச்சு. பழனியக்கா போயிட்டாங்களாம். நெஞ்சுவலியாம்."

அகார் ஆறினால் கட்டியாகிவிடும். மீதி நான்கு தட்டுகளையும் ஊற்றி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதற்காக எனக்குக் குற்ற உணர்வு இல்லை. பாதியில் விட்டிருந்தால் பழனியக்காவே திட்டியிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில், நம் மருத்துவமனைக்கு நாள்பட்ட மூட்டு வீக்கத்தோடு வருபவர்களின் உமிழ்நீரை நம் டாக்டரம்மா ஆராயத் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிருமிகளைத் தடுக்கும் புரதம் ஒன்று உமிழ்நீரில் உண்டு. இந்த நோயில் அது கூடுகிறதா, குறைகிறதா என்பதுதான் கேள்வி. தட்டில் சிறு குழி வெட்டி ஒரு துளி விட்டால், இரண்டு நாளில் குழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். வளையம் பெரிதாக இருந்தால் புரதம் அதிகம். அளப்பது என் வேலை. சோதனைக் குழாயில் உமிழ்நீர் வாங்குவது ஆய்வக உதவியாளரான பழனியக்காவின் வேலை.

வாங்குவதுதான் கடினம். ஒரு பெரியவர், "பொம்பளைங்க முன்னால துப்புனா நான் என்னங்க மனுசன்?" என்று எழுந்து நடந்தேவிட்டார். பழனியக்கா வராந்தாவில் அவரை மறித்தார். "நான் செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கறனுங்க சாமி. உங்களுக்கு ஆகாத பங்காளி யாராச்சும் இருந்தா, அவனை நெனச்சுக்கிட்டுத் துப்புங்க." பெரியவர் சிரித்துக்கொண்டே குழாயை நிரப்பிவிட்டார்.

ஒவ்வொருவரிடமும் இப்படிப் பேசிக்கொண்டிருக்க முடியாது, குழாயை வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம், காலையில் சாப்பிடும் முன் எடுத்து வரட்டும் என்று சொன்னது நான்.

அப்படிக் குழாய் வாங்கிப்போனவர்களில் ஒருவர் ஓமலூர்ப் பக்கத்து அம்மா, பெயர் நல்லம்மாள். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. வாய் காய்ந்து சோறு இறங்கவில்லை, கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றார். மறுநாள் குழாய் நிறையக் கொண்டுவந்தார். இரண்டு நாளில் வளையம் அளவாக, அழகாக விழுந்தது. 'குறையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளைப் பார்த்தால் டாக்டரம்மா டானிக் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். கண்ணை யாரும் பார்க்கப்போவதில்லை.

தாளை எடுத்துப்போக வந்த பழனியக்கா அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றார். "வாய் காஞ்சவங்க எப்பிடீங்க அம்மிணி கொழாய் நெறையக் கொண்டாந்தாங்க?"

"வளையம் பொய் சொல்லாதுங்க அக்கா."

"சொல்லாதுங்க. ஆனா யாரு வாயின்னு அதுக்குத் தெரியாதில்ல?"

எனக்குக் கோபம் வந்தது. படித்தவள் நான் என்ற எண்ணம் அதில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முடிவு வாங்க வந்து வராந்தாவில் காத்திருந்த நல்லம்மாளை அவர் உள்ளே அழைத்து உட்காரவைத்து, தன் பையிலிருந்து ஒரு கை பொரி கொடுத்தார். நல்லம்மாள் மென்றார், மென்றார், விழுங்க முடியவில்லை. பொரி நனையாமல் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"கொழாயை நெறச்சது யாருங்க?" பழனியக்கா மெதுவாகத்தான் கேட்டார்.

நல்லம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கொழாய் குடுத்தனுப்புனீங்க. ஒருத்தரு ஊட்டு ஏனத்தை வெறும் ஏனமாவா திருப்பிக் குடுக்கறது? எனக்கு எச்சி வரலீங்க. மருமவதான் நெறச்சுக் குடுத்தா."

வீட்டுக்குக் குழாய் கொடுத்தனுப்பச் சொன்னவள் நான். பழனியக்கா ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க பண்ணுனது மொறைதானுங்க. ஆனா எங்க ஏனத்தை மட்டும் வெறும் ஏனமாவே குடுங்க, பரவால்ல" என்று நல்லம்மாளிடம் புதுக் குழாய் ஒன்றை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பத்து நிமிடத்தில் இரண்டு சொட்டு வந்தது. அந்தச் சொட்டைத் தட்டில் விட்டபோது, அதுவரை நான் பார்த்திராத அளவுக்கு அகலமாக வளையம் விழுந்தது. புரதம் திரண்டு நின்றது, தண்ணீர்தான் வற்றியிருந்தது.

அந்த வளையம் விழும் இரண்டு நாளும் நான் காத்திருக்கவில்லை. அன்றே என் தாளை அடித்துவிட்டு, 'உமிழ்நீர் சுரக்கவில்லை, கண்ணும் வறண்டிருக்கலாம்' என்று எழுதினேன். டாக்டரம்மா நல்லம்மாளைக் கண் பிரிவுக்கு அனுப்பினார். கருவிழியில் புண் தொடங்கியிருந்தது. மருந்து போட்டு ஆற்றினார்கள். பார்வை போகவில்லை. பல வருடம் கழித்தும் வராந்தாவில் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு கூப்பிடுவார்.

அதன்பிறகு உமிழ்நீரை எங்கள் எதிரிலேயே வாங்கினோம். எதுவுமே வராத குழாயைக் கழுவப் போட நான் எடுத்தால் பழனியக்கா தடுப்பார். "வரலீங்கறதும் ஒரு பதிலுதானுங்க அம்மிணி. பேரை எழுதி வைங்க."

செவ்வாய்க்கிழமை ஊற்றிய தட்டுகளை நேற்று எடுத்தேன். குழி வெட்டும் முன் நோயாளிகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசினேன். அது பழனியக்காவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். மேட்டூரிலிருந்து வந்திருந்த ஒருவருக்குக் கால் மணி நேரம் காத்திருந்தும் ஒரு சொட்டும் வரவில்லை. வெட்கப்பட்டுக் குழாயை மறைத்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கையை மட்டும் பின்னால் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். பெயர் எழுதி, மற்றக் குழாய்களோடு வரிசையில் நிறுத்திவைத்தேன்.