சூடு ஆறாத எஞ்சின்

முப்பத்தொரு வருடம், நாளுக்கு நாற்பது பேருந்து. பணிமனையில் அவருக்குக் குழாய்க்காரர் என்றே பெயர். அவர் தண்ணீர் பீச்சினால் கூரையிலிருந்து சக்கரம் வரை பளிச்சென்று ஆகிவிடும். பானெட்டை மட்டும் அவர் திறந்ததே இல்லை. அது மெக்கானிக்குகளின் ராஜ்ஜியம்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு மதியம், தங்கையின் பழைய காரில் கை வைத்தார். தங்கை பிசியோதெரபிஸ்ட். மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் புது வேலையில் சேர வேண்டும். எஞ்சின் முழுக்க எண்ணெயும் புழுதியும். வண்டி புதுசு மாதிரி போகட்டுமே என்று அவருக்கு ஆசை.

தெருமுனை ஒர்க்‌ஷாப்காரர் ஏற்கெனவே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எஞ்சின் நன்றாக ஆறணும், பேட்டரி ஒயரைக் கழற்றணும், பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் பாலிதீன் கட்டணும், பிரஷ்ஷால் தேய்க்கணும், தண்ணீரை லேசாகத் தெளித்தால் போதும். ‘எனக்கே தண்ணி பீச்சச் சொல்லித்தர்றானாக்கும்!’ என்று நினைத்துக்கொண்டார். காரில் கடைக்குப் போன தங்கை திரும்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் உள்ளே தூங்கப் போனதும் எதையும் மூடாமல் பீச்சினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. துணியால் துடைத்துப் பானெட்டை மூடினார்.

சாயங்காலம் அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி விக்கியது, நடுங்கியது, நின்றே போனது.

“நேத்து பள்ளத்துல டம்முனு விட்டேன்ணே. எல்லாம் என் அவசரபுத்தி!”

தப்பித்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அவரைச் சுட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“உன் முகம் ஏன் செத்துப்போச்சு? நீ என்ன பண்ணுவே, பாவம்.”

ஒரு மணி நேரம் கழித்து ஒர்க்‌ஷாப்காரர் வந்து, அவள் சொன்ன பள்ளக் கதையைக் கேட்டபடி பானெட்டைத் திறந்தார். ஸ்பார்க் பிளக் குழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது.

“என்னம்மா இது, நீச்சல் குளமா? பள்ளத்துல தண்ணி கிடந்துச்சா?”

“ஆமா, கிடந்துச்சு.”

“பள்ளமும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றார் குழாய்க்காரர். “நான்தான் பீச்சினேன். சூட்டோட.”

ஒர்க்‌ஷாப்காரர் சிரிக்கப் பார்த்தார். “முப்பத்தொரு வருஷத்துல இந்த ஒரு வண்டிதான் பாக்கியா அண்ணே?”

யாரும் சிரிக்கவில்லை.

“ஒரு மணி நேரமா நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றாள் தங்கை மெதுவாக. “நீ பக்கத்துல உக்காந்து டீ குடிச்சே.”



தண்ணீர் புகுந்து கெட்ட ஆல்டர்னேட்டரை மாற்ற இரண்டு நாளாகும். தங்கை காலை ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்கிறாள். இறங்கி மருத்துவமனைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.