உடைந்த வள்ளத்துக்குச் சாட்சி

இன்று பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணையோடு நீதிமன்றம் போய்வந்தேன். புயலில் உடைந்த அவருடைய வள்ளத்துக்குக் காப்புறுதிப் பணம் தர மறுத்த நிறுவனத்தோடு வழக்கு.

"எங்கள் ஆள் வந்து பார்க்கமுதல் ஏன் திருத்தினீர்கள்?" என்று நிறுவனத்தின் சட்டத்தரணி கேட்டார்.

"மாதா கோயில் பெருநாளுக்குச் சுவாமியார் வள்ளங்களை ஆசீர்வதிக்கிறவர். உடைஞ்சதைக் கொண்டுபோய் அவருக்கு முன்னாலை விடேலுமோ ஐயா? சனமெல்லாம் சேர்ந்து திருத்தித் தந்தவை."

"உடைந்ததற்குப் படம் இருக்கிறதா?"

"உடைஞ்ச வள்ளத்தை ஆர் ஐயா படம் எடுக்கிறது?"

வழக்கு அடுத்த தவணைக்குப் போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது அண்ணை மெல்லக் கேட்டார்: "தம்பி, திரும்ப உடைச்சுக் காட்டினால் நம்புவாங்களோ?"

சட்டம் படித்தவர்கள் இருந்தால் கெதியாக, இன்றைக்கே சொல்லுங்கள்.

அதுவரைக்கும் அவருடைய கோடாலி என் வீட்டில்தான் இருக்கிறது.